காத்திருந்த நேரத்தில் விளையாடியவள்

செய்தி வந்தபோது நான் பூலாம்பாடியில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கோடையில் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் முகவரிகளை வாங்கிக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்போம். அப்படி ஒரு வீட்டில் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கும்போதுதான் கல்லூரியின் வாட்ஸப் குழுவில் படம் வந்தது. கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் அதே படம். 'கணினித் துறை உதவிப் பேராசிரியர் வளர்மதி இன்று காலை காலமானார். ஆழ்ந்த இரங்கல்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கைகளுக்கு நடுவே ஒருவர், 'திருமானூர் முடிந்தது சார், நாளை மற்ற ஊர்கள்' என்று தன் வேலை விவரத்தை அனுப்பியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. போனைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போல இருந்தது.

கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சும்மா, உக்காருங்க" என்றார். கூட வேலை பார்த்தவர் இறந்துவிட்டார் என்றேன். "வயசானவங்களா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் வயதுதான் என்றதும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவரிடம் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கிருந்தே அரியலூருக்குப் பஸ் ஏறினேன்.

வளர்மதி பிறந்தது செட்டிகுளத்தில், வெங்காயம் போடுகிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது அரியலூரில். கணவர் சேகர் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஒரு மகன், ஒரு மாமியார். நானும் அரியலூர்தான், அதே கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். காலையில் பெரம்பலூருக்கு ஒரே கல்லூரிப் பேருந்து, மாலையில் திரும்பவும் அதே பேருந்து. அவள் மகனும் என் மகளும் படித்தது ஒரே டியூஷன். பேருந்தை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை எடுத்து, பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு, முடிகிறவரை இருவரும் வெளியே காத்திருப்போம். எனக்கு அவளைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அங்கே வந்ததுதான்.

அவள் கேம் ஆடுவாள் என்பது அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி தேடி எடுத்துச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. டியூஷன் எதிரே இருக்கும் புங்க மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். மற்ற அம்மாக்கள் சேலை பற்றியும் மாமியார் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும், "பின்னாடி வராங்க, பின்னாடி வராங்க, செவுத்துக்குப் பின்னாடி படுங்க" என்று கத்துவாள். முதல் தடவை கேட்டபோது நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். விளையாட்டில் அவள் பெயர் சின்னவெங்காயம். அவள் குழுவில் இருந்த மூன்று பேர் அவளை வெங்காயக்கா என்று கூப்பிடுவார்கள். இவளும் அவர்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவாள்: பல்லடம், காரைக்குடி, மஸ்கட். நிஜப் பெயரைக் கேட்டதில்லையா என்றேன் ஒருநாள். "எதுக்கு? பேரு கேட்டா அடுத்து வூட்டுக்காரரு என்ன பண்றாருன்னு கேக்கணும். அப்புறம் அதுவும் சொந்தக்காரங்க மாதிரி ஆயிடும்ப்பா" என்று சிரித்தாள்.

அவள் அதில் பெரிதாகச் சுடுகிறவள் இல்லை. அடிபட்டு விழுந்தவர்களை ஓடிப்போய்த் தூக்கிவிடுவதுதான் அவள் வேலை. அந்த விளையாட்டில் விழுந்தவர் உடனே சாவதில்லை. கூட இருப்பவர் பக்கத்தில் வந்து சற்று நேரம் நின்றால் எழுந்துவிடலாம். எத்தனை பேர் சுட்டுக்கொண்டிருந்தாலும் இவள் போய் நிற்பாள். இவளும் விழுவாள். "அங்கேயுமா உனக்கு இந்த வேலை?" என்று நான் கிண்டல் செய்வேன்.

எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விளையாடவே மாட்டாள். வீட்டில் என்றைக்குமே விளையாட மாட்டாள். ஒரு ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தச் சந்தேகம் தீர்ந்தது. சேகர் அண்ணன் நைட் ஷிப்டு முடித்து வந்து, தூங்கி எழுந்து, சோபாவில் காலை நீட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். காரைக்குடிப் பெண் கூப்பிட்டாள் என்று வளர்மதி அன்றைக்கு மட்டும் போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விமானத்திலிருந்து குதித்திருக்க மாட்டாள், மாமியார் பாத்ரூம் வாளியைக் கேட்டார். தரையிறங்கியதும் மகனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் காணவில்லை. துப்பாக்கி கிடைத்தபோது கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்தார். சேகர் அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வளரு, கொஞ்சம் டீ" என்றார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுப்படியில் அவள் என்னிடம் சொன்னதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். "வூட்டுல உக்காந்து ஆடுனா நான் சும்மா இருக்கேன்னு அர்த்தம். வெளியில நின்னு ஆடுனா காத்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். சும்மா இருக்கிறவளத்தான் எல்லாரும் கூப்புடுவாங்க. காத்துக்கிட்டு இருக்கிறவள ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க." டீயை வடிகட்டிக்கொண்டே, "அவரு மேட்ச் பாத்தா டயர்டு. நான் ஆடுனா திமிரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதன் பிறகு கவனித்தேன். வங்கியில் டோக்கன் வாங்கிவிட்டு ஆடுவாள். ரேஷன் கடையில் ஆடுவாள். மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போனால், சொட்டு மருந்து போட்டு அவரைக் கண்மூடி உட்காரவைத்திருக்கும் நேரத்தில் ஆடுவாள். குடும்பத்தில் எங்கெல்லாம் யாராவது போய் நிற்க வேண்டுமோ அதையெல்லாம் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நல்ல மருமகள் என்று பெயர் எடுத்தாள். அவள் அந்த வேலைகளை ஏன் விரும்பினாள் என்பது எனக்கும் அந்த மூன்று பேருக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு கோடைகளுக்கு முன்னால் திருமானூர்ப் பக்கம் நாங்கள் சேர்ந்து போனபோது ஒன்று நடந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்பிள்ளை. அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார்; வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கச் சொன்னால் போதுமே, வளர்மதி போனை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் மெல்ல நகர்ந்து நகர்ந்து அவள் தோளருகே வந்து, "மேடம், நீங்களும் ஆடுவீங்களா?" என்றாள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா வந்துவிட்டார். சேற்றுக் காலோடு நின்று, "காலேஜ் டீச்சரே கேம் ஆடுனா எம்பொண்ணு எப்படிங்க உருப்படும்?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் போனை மறைத்து, ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். இவள் எழுந்து நின்று, "வேலைய முடிச்சிட்டு, வூட்ட முடிச்சிட்டு, மிச்சத்துல ஆடுறேங்க. உங்க பொண்ணுக்கும் அதத்தான் சொல்லிக் குடுப்பேன்" என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெண்ணை வேறு கல்லூரியில் சேர்த்துவிட்டார். துறைக் கூட்டத்தில் வளர்மதிக்கு எல்லோர் முன்னாலும் அர்ச்சனை விழுந்தது. பேருந்தில் திரும்பும்போது, பொய் சொல்லியிருக்கலாமே என்றேன். "அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சேப்பா" என்றாள்.

போன வருடம் ஆவணியில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி அதற்குள் நன்றாக வளர்ந்து, அக்குள் வரை பரவியிருந்தது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கொஞ்ச நாளாத்தான்" என்றாள். வாராவாரம் திருச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. சேகர் அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காத நாட்களில் நான் கூடப் போவேன். பெரிய ஆஸ்பத்திரி, நீளமான வராந்தா, வரிசையாக இரும்பு நாற்காலிகள். காலையில் போனால் ரத்தம் கொடுக்கக் காத்திருக்க வேண்டும், முடிவு வரக் காத்திருக்க வேண்டும், டாக்டருக்கு, மருந்துக்கு, படுக்கைக்கு என்று பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "கொடுத்து வெச்சவ மேடம் நானு. நாள் பூரா காத்திருக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். ஒயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். முடி கொட்டிய பிறகும், தலையில் துணி கட்டிக்கொண்டு, சுற்றிலும் சோர்ந்து கிடப்பவர்கள் நடுவே, மெல்லிய குரலில் அவள் மட்டும், "மஸ்கட், மாடில ஆளு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில ஊசிகள் போன பிறகு அவள் விரல் நுனிகள் மரத்துப் போயின. அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்றார்கள். ஒருநாள் வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எதைத் தொடுகிறோம் என்றே தெரியவில்லை என்றாள். திரையில் அவள் ஆள் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கூப்பிடாத முழு நாட்கள் அவளுக்குக் கிடைத்தன. அப்போது விரல்கள் இல்லை. இதற்கு மேல் ஒரு கொடுமையை என்னால் யோசிக்க முடியவில்லை. அவள் ஒயரை மட்டும் கழற்றவில்லை. அந்த மூவரும் விளையாடுவதையும் சண்டை போடுவதையும் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் சிரிப்பாள்.

அதுவும் நீடிக்கவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்களில் யாரோ, போனிலிருந்து வரும் கதிர்தான் இந்த நோயைக் கொண்டுவந்தது, நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தே ஆடினாளே என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் அழுதிருக்கிறார். சேகர் அண்ணன் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோன மனிதர் எதையாவது பூட்டத்தான் பார்ப்பார். டாக்டரே அப்படி இல்லை என்கிறாரே, கேட்டு வாங்கு என்று நான் சொன்னேன். "கேட்டா குடுத்துடுவாரு. ஆனா நாளைக்கு எனக்கு என்ன ஆனாலும் குடுத்ததாலதான்னு அவரையே பேசுவாங்க. வுடுப்பா" என்றாள். கடைசி மாதங்களில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

துக்க வீட்டில் நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. "கேம் ஆட நேரம் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாமப் போச்சா?" என்று கேட்டவர் எங்கள் கல்லூரிக்காரர்தான். பெயர் சொல்ல மாட்டேன். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாது என்று அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறை நேரம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு கேம் ஆடலாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கு முழு நாள் வேண்டும். அந்த நாளுக்கு லீவு வேண்டும். மாமியாருக்குச் சோறு போட, மகனை அழைத்துவர ஆள் வேண்டும். எதற்குப் போகிறாய் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும், அந்த இடத்தில் கட்டி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் துக்கம் சொல்வதில் ஒருவர் விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் பகை. சேகர் அண்ணன் யார் யாருக்குச் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னும் மூணு பேருக்குச் சொல்லல" என்றேன். யார் என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

போனைச் சார்ஜில் போட்டு உயிர் வந்ததும் விளையாட்டைத் திறந்தோம். டியூஷன் நேரம், அவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே போன உடனேயே அழைப்பு வந்தது. சேகர் அண்ணன் பதறிப்போய் எதையோ அழுத்தினார். அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிவிட்டது. போனிலிருந்து மூன்று குரல்களும் ஒன்றாகக் கத்தின. "வெங்காயக்கா!" "ஏனுங்க்கா, எங்க போயிட்டீங்க இத்தன நாளா!"

அவருக்குக் குதிக்கவும் தெரியவில்லை, ஓடவும் தெரியவில்லை. அவள் ஆள் ஒரு வயல்வெளியில் போய் விழுந்து, அங்கேயே நின்றது. எங்கிருந்தோ சுட்டார்கள். விழுந்துவிட்டது. "பொறுங்க்கா, பொறுங்க்கா, தூக்கியுடறேன்" என்று பல்லடத்துக் குரல் ஓடிவந்தது. பக்கத்தில் வந்து நின்றுகொண்டே, "கை இன்னும் மரத்துத்தானுங்க இருக்குது? பரவால்லீங்க, நீங்க சும்மா நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றது. சேகர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச எதைத் தொட வேண்டும் என்று காட்டினேன். அவர் அதைத் தொட்டு, ஊருக்கெல்லாம் சொன்னதைப் போலவே சொன்னார். "நான் அவங்க வூட்டுக்காரரு பேசுறேங்க. அரியலூர்லேந்து. அவங்க தவறிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சு. உங்களுக்குச் சொல்ல லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு காரைக்குடிப் பெண் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, "நான் சொன்னேனே. போன வருசம் தைப் பொங்கலுக்கே கட்டி இருக்குன்னு சொன்னாங்களே. தெனம் கேட்டேனே, காட்டுனீங்களா காட்டுனீங்களான்னு. நாங்க மூணு பேருமே கேட்டோமே" என்றாள்.

தை. எங்களுக்கெல்லாம் தெரிந்தது ஆவணியில். இடையில் மகனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு இருந்தது, விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது, அட்மிஷன் சீசன் இருந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் இருந்தது. சேகர் அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டப்ப அவ என்னம்மா சொன்னா?" என்றார்.

"வூட்டுல எல்லாருக்கும் ஆக வேண்டியது ஆகட்டும், அப்புறம் போறேன்னாங்க அண்ணே."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியிலிருந்து வந்த மாமியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து பேசியவர் கடைசியில்தான் வாயைத் திறந்தார். அக்காவின் பெயர் என்ன என்று கேட்டார். சேகர் அண்ணனால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன்.

அந்த மனுஷி கேம் ஆடியே செத்தாள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்த எங்களிடம், கூடப் படுத்த கணவரிடம், பிறந்த ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாததை அவள் சொன்ன இடம் அது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவளை ஒவ்வொரு நாளும் விரட்டியவர்கள், அவள் பெயர்கூடத் தெரியாத அந்த மூன்று பேர்தான்.

வளர்மதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர்கள் அவளிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எந்தப் பெண்ணாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும், தலை சுற்றுகிறது என்று மேஜையில் சாய்ந்தாலும், பரீட்சை முடியட்டும், பிள்ளைக்கு லீவு விடட்டும் என்று சொன்னாலும் நான் விடுவதில்லை. காட்டினாயா என்று கேட்கிறேன். மறுநாளும் கேட்கிறேன். சிலர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார்கள், உனக்கு வேறு வேலை இல்லையா என்று கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.